அம்பு எங்கே பட்டது

போன வாரம் மகளுக்கு பிராக்டிகல் நோட்டு வாங்குவதற்காகப் பூக்கடைச் சத்திரம் பக்கம் ஒரு கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து நோட்டுக் கட்டை இழுத்தபோது கிராஃப் தாள் கட்டு ஒன்றும் சேர்ந்து சரிந்து விழுந்தது. புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள் வாங்கிப் போகும் பெரிய தாள், பச்சைக் கட்டம். புதுக் காகிதமும் மையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. செவிலிமேட்டில் உன் வீட்டு மாடி அறையில், தரையில் விரித்த பச்சைக் கட்டத் தாளின் மேல் நீ குப்புறப் படுத்துக்கொண்டு பென்சிலால் ஓர் ஆற்றை வரைந்துகொண்டிருந்தாய்.

நோட்டோடு இரண்டு தாள்களையும் சுருட்டித் தரச்சொல்லி வாங்கி வந்தேன். இது எதற்கு என்று மகள் கேட்டாள். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நாம் இருவரும் ஒரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தோம். நான் முன்னறையில் ரத்தம் எடுப்பவள். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கிறவர்களை ஒன்பது மணிக்குள் அனுப்பியாக வேண்டும். நடுவில் ஒருவர் மயங்கி விழுந்தால் வரிசையே கலைந்துவிடும். நீ உள்ளறையில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருப்பவள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஊற்றி, அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாய். ரிப்போர்ட் கேட்டு வெளியே ஆள் கத்திக்கொண்டிருக்கும்; நீ இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நமக்குள் வந்த சண்டையெல்லாம் அந்த இரண்டு அறைகளிலிருந்துதான் கிளம்பி வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

சென்னையில் படித்தபோது விடுதித் தோழிகளிடம் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தவள் நீ. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். வாளை ஓங்கினால் பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடைக்காய், டைஸ், சொல்லும்; எண் பெரிதாக விழுந்தால் பட்டது. நீ இதையெல்லாம் எனக்கு முதலில் விளக்கிச் சொன்னபோது, என்னைப்போல் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பெற்றவள் இப்படி விளையாடிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டேன். "ஏன், கத்தி பிடிக்க வயசு பார்ப்பாங்களா?" என்றாய். அடுத்த ஞாயிறு வந்துவிட்டேன்.

உன் எதிர்வீட்டுப் பத்மா வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திருத்த வேண்டிய பேப்பர் கட்டோடுதான் எங்கும் போவாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், டைஸ் தவறாக விழுந்தால் மட்டும் நம் முன்னாலும் தெலுங்கில் திட்டுவாள். நம் லேப் மெஷின்களைப் பழுது பார்க்கும் டேவிட் மாகறலிலிருந்து பைக்கில் வருவான். கட்டத் தாளின் மேல் எதிரிகளுக்குப் புளியங்கொட்டை, நமக்கு ஆளுக்கொரு நிறத்தில் சட்டைப் பொத்தான். இதுதான் நம் படை.

மணலாற்றுச் சண்டையை உனக்கு நினைவுபடுத்தவே வேண்டாம். வறண்ட ஆற்றில் வண்டியை மறித்த ஒன்பது கொள்ளையர்கள். அந்த ஒன்பது பேரை விரட்ட நமக்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. ஒரு வெட்டு விழுந்தால் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், அங்கே தோல் கவசமா துணியா, மணலில் கால் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் நீ தனித்தனியாக டைஸ் போட்டுப் பார்ப்பாய். காயங்களுக்கென்றே பக்கம் பக்கமாக ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாய். வண்டியின் மேலிருந்து குதித்து ஒருவனை உதைக்கிறேன் என்று டேவிட் ஒரே வரிதான் சொன்னான். மாடு கட்டியிருக்கிறதா, சக்கரம் உருளுமா, குதிக்கிற பக்கம் வெயில் கண்ணில் அடிக்குமா என்று நீ கேட்டு முடித்தபோது இருபது நிமிடம் போயிருந்தது. உதை படவும் இல்லை. பத்மா ஒரு வகுப்புப் பேப்பரைத் திருத்தி முடித்துவிட்டாள். நான் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

மூன்றாவது ஞாயிறு பத்மா சிவப்புப் பேனாவை மூடினாள். சண்டை முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.

மறுநாள் லேபில் நான் உன்னிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். ஒரு வெட்டுக்கு இத்தனை கேள்வி கேட்டால் யார் உட்கார்ந்திருப்பார்கள், இது விளையாட்டா இல்லை பிரேதப் பரிசோதனையா என்று கேட்டேன். உன் முகம் சுருங்கியது.

"எங்க பட்டுச்சுன்னே தெரியாம ஒருத்தன் எப்படிடி விழுவான்?" என்றாய். பிறகு, "சரி, நீ நடத்து. நான் உக்காந்து விளையாடறேன்" என்றாய்.

நான் நடத்தினேன். காலை வரிசையை நடத்துவதுபோலவே நடத்தினேன். கைப்பேசியில் டைமர் வைத்தேன். ஒருவருக்கு அரை நிமிடம், அதற்குள் சொல்லாவிட்டால் முறை போய்விடும். சில்லறை எதிரிகள் ஒரே அடியில் விழுவார்கள். எதிரிகளின் டைஸ் எல்லாவற்றையும் ஒன்றாக எவர்சில்வர் தட்டில் கொட்டிவிடுவேன். ஒரே மதியத்தில் நான்கு சண்டைகள் முடிந்தன. பத்மா திரும்பி வந்தாள், பேப்பர் கட்டு இல்லாமல். டேவிட் முழங்காலில் எழுந்து நின்றே விளையாடினான். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

நீ அப்போது வல்லி என்ற ஓடக்காரியாக விளையாடினாய். அவளுக்காக நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாய். ஒரு காதில் தோடு இருக்காது. அது எந்த வெள்ளத்தில் போனது என்பதற்கே ஒரு பக்கம். நான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். நான் நடத்திய மூன்றாவது ஞாயிறு, ஒரு கோட்டைப் படிக்கட்டில் வில்லாளிகள் பன்னிரண்டு பேர். தட்டில் டைஸ் கொட்டினேன், எண்ணினேன். வல்லிமேல் மூன்று அம்பு. ஒவ்வொரு அடிக்கும் குறைகிற அவளுடைய உயிர்ப் புள்ளிகள் தீர்ந்துவிட்டன.

"வல்லி செத்துட்டா. டேவிட், உன் முறை" என்றேன்.

டைமரைக்கூட நிறுத்தவில்லை. டேவிட் ஒரு கணம் உன்னைப் பார்த்தான். டைமர் ஓடுவதைப் பார்த்ததும் அவசரமாக எதையோ சொல்லி டைஸை உருட்டினான். நீ கடைசிவரை உட்கார்ந்திருந்தாய். எங்களுக்கு டீ போட்டாய். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாய். வாசல்வரை வந்து வழியனுப்பினாய். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசினாய். விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலேயே கேட்டாய்.

"அன்னிக்கி அம்பு எங்க பட்டுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிச்சி சொல்றதுக்கு இல்லடி. நீதான நடத்திக்கினு இருந்தே. அந்த நேரம் நீயாவது அவளைப் பாத்திருக்கணும்."

நான் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது உன்னிடம் சொன்னேன். நிறுத்தினால் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்ற பயம். வரிசையில் நிற்கிறவர்கள் பார்ப்பதுபோல. அதனால் யார் முகத்தையும் பார்க்காமல் அடுத்தது அடுத்தது என்று ஓடுகிறேன், வேலையிலும் அப்படித்தான் என்றேன். நீ உன் டப்பாவிலிருந்து ஒரு வடகத்தை எடுத்து என் மூடியில் வைத்தாய்.

"நானும் தப்புதான். எல்லாத்தையும் பாக்கச் சொன்னேன். கடைசியில எதுவுமே கண்ணுல நிக்கல" என்றாய்.

அதன் பிறகு ஒரு மாதம் நம் மதியச் சாப்பாடெல்லாம் அதே பேச்சாகத்தான் போயிற்று. நீ ஒரு நோட்டில் புது விதி எழுதுவாய், நான் அடித்துத் திருத்துவேன். நான் எழுதுவேன், நீ திருத்துவாய். ஒருவர் ஆடும்போதே அடுத்தவர் என்ன செய்வதென்று முடிவெடுத்து டைஸையும் உருட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பத்மா சொன்னாள். அவள் வகுப்பில் விடைத்தாள் வாங்க அடுத்த பிள்ளை தயாராக நிற்கும் முறையாம் அது. எந்தத் திருடன் கடைசி ஆள் வரைக்கும் நின்று சண்டை போடுவான் என்று டேவிட் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். பாதிப் பேர் விழுந்ததும் மிச்சப் புளியங்கொட்டைகள் ஓட ஆரம்பித்தன. ஓர் அடிக்கு ஒரே ஒரு காட்சி என்பது நீ போட்ட விதி. இரண்டு சொல்லக் கூடாது, சொல்லாமலும் விடக் கூடாது. வாள் முனை உடைந்து தெறித்தது, அல்லது அவன் செருப்பு கழன்று மணலில் கிடந்தது, ஏதோ ஒன்று. உன் காயப் பட்டியலை நீயே மடித்துப் பீரோவுக்குள் வைத்தாய். அதற்கு உனக்கு மூன்று நாள் பிடித்தது.

நான் போட்டது ஒரே ஒரு விதி. நம்மில் ஒருவர் விழுந்தால் டைமர் கிடையாது. விழுந்தவர் போதும் என்று சொல்கிறவரை யாரும் அடுத்த டைஸைத் தொடக் கூடாது.

வல்லியைப் பிழைக்க வைத்துவிடலாம் என்று பத்மா சொன்னதற்கு நீ ஒத்துக்கொள்ளவில்லை. விழுந்தது விழுந்ததுதான், ஆனால் அந்தப் படிக்கட்டுக்கு மறுபடி போகலாம் என்றாய். போனோம். இந்த முறை நான் தட்டில் கொட்டவில்லை. முதல் அம்பு துடுப்பில் குத்தி நின்றது என்றேன். இரண்டாவது தொடையில். மூன்றாவதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ காத்திருந்தாய். கழுத்துக்குக் கீழே, இடது பக்கம் என்றேன். அவள் என்ன பார்க்கிறாள் என்று கேட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, அங்கிருந்து ஆறு தெரிகிறது, தன் ஓடத்தை யாரோ அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள், நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள் என்றாய். டேவிட் எழுந்து மொட்டை மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். அன்றைய சண்டை ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நன்றாக விளையாடினோம். அந்த ஞாயிறுகளில் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த ஞாயிறுகள் அவைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசை முடிந்த பிறகு முன்னறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாய். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஈறில் ரத்தம் வருகிறது, பார்த்துவிடலாம் என்றாய். நான்தான் எடுத்தேன். நீயே கொண்டுபோய் நீயே சாயம் ஊற்றினாய். நான் உள்ளே வந்தபோது மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாய். கூப்பிட்டேன். வழக்கம்போலத் திரும்பவில்லை என்று நினைத்தேன். "இன்னொரு ஸ்லைடு போட்டுப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாய். இரண்டாவதையும் எண்ணி முடித்துவிட்டு நாற்காலியை எனக்கு விட்டாய். எனக்கு அதில் ஒன்றும் புரியாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கச் சொன்னாய். ஊதா நிறத்தில், அவ்வளவு பெரிதாக, இருக்கக் கூடாத செல்கள். நீ விரலால் சுட்டாமலே எனக்குத் தெரிந்தது.

சென்னையில் வைத்தியம். முதல் சுற்று கீமோ முடிந்து ஒரு மாதம் வீட்டில் இருந்தபோது நாங்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தோம். பொத்தான், புளியங்கொட்டை, டைஸ் எல்லாவற்றையும் பத்மா ஸ்பிரிட்டில் துடைத்தாள். உன்னால் முக்கால் மணி நேரம்தான் உட்கார முடியும். சண்டையே வேண்டாம், சும்மா கதையாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று நான் வரும் வழியிலேயே அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. முக்கால் மணிக்குள் அடங்குகிற சண்டையாக வைக்கச் சொன்னாய்.

விளையாட்டில் உனக்கு அப்போது மரகதம் என்ற சமையல்காரி. இரும்புக் கரண்டியோடு சண்டைக்கு வருவாள். எதிரிப் படைத்தலைவன் அவள்மேல் வாளை ஓங்கினான். நான் டைஸை உருட்டி, பார்த்தவுடன் உள்ளங்கையால் மூடினேன். மூணு, படல என்றேன்.

"கையை எடு."

எடுக்கவில்லை. பத்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு விழறதை எங்கிட்ட சொல்லு கலா. எல்லாரும் மறைச்சிக்கினே இருக்காங்க. நீயும் மறைக்காத."

கையை எடுத்தேன். பத்தொன்பது. பத்மா மெதுவாகக் கணக்குப் போட்டாள். மரகதத்துக்கு ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருந்தது. எங்கே பட்டது என்று கேட்டாய். வலது முழங்கையில், கரண்டி கீழே விழுந்துவிட்டது என்றேன். இந்த முறை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப இடது கை இருக்குது" என்றாய். அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியை இடது கையால் தூக்கி அவன் மேல் வீசினாய். உன் டைஸ் பதினெட்டு. முகக்கவசத்துக்கு மேலே உன் கண் சிரித்தது. டேவிட் கடிகாரத்தைப் பார்த்து, முப்பத்தெட்டு நிமிஷம்க்கா என்றான். நாம் நான்கு பேரும் ஒன்றாக விளையாடியது அதுதான் கடைசி.

உன் தங்கை புவனாவிடமிருந்து செய்தி வந்தபோது காலை ஏழேகால். அக்கா போய்விட்டாள் என்று ஒரே வரி. என் முன்னால் ஒரு பெரியவர் கையை நீட்டியிருந்தார். ரப்பர் பட்டை கட்டியாயிற்று. கைப்பேசியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு அவருக்கு எடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் எடுத்தேன். ஒருவருக்குக்கூட இரண்டாவது முறை குத்தவில்லை. ஒன்பது மணிக்குள் வரிசை முடிந்தது. அதன் பிறகுதான் உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று வந்தவர்களில் ஒரு முகம்கூட எனக்கு நினைவில்லை. அந்தப் பெரியவரின் கை மட்டும்தான். இதை உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைசி நாளில் எப்படி இருந்தாய் என்று கேட்க எனக்கு ஏழு மாதம் தைரியம் வரவில்லை. ஒருநாள் செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் புவனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேட்டேன். அவள் யாராவது கேட்கட்டும் என்றே காத்திருந்தவள்போல ஆரம்பித்தாள். போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நீ நினைவோடு இருந்தாயாம். தலைக்கு மேலே பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சலைன் வேகமாப் போவுது சிஸ்டர், கொஞ்சம் கொறைங்க" என்றாயாம். சரியாகத்தான் போகிறது என்று அந்த நர்ஸ் சொன்னாளாம். நீ புவனாவின் கையைத் திருப்பி அவள் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணிக் காட்டினாயாம். நர்ஸ் வந்து குறைத்தாளாம். அதன் பிறகு தூங்கிப்போனாயாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புவனாவுக்கும் வந்தது. கண்டக்டர் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். அவர் பார்க்கும்போது நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோமா அழுதுகொண்டிருந்தோமா என்று தெரியவில்லை. நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு நடந்து திரும்பினோம்.

நான் இன்னும் அதே முன்னறையில்தான் இருக்கிறேன். வேகம் குறையவில்லை, குறைக்கவும் முடியாது. ஆனால் ஊசி போவதற்கு முன்னால் ஒருவரிடம் ஒன்றையாவது பார்த்துவிடுகிறேன். இன்று காலை ஏனாத்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் மணிக்கட்டில் பேனாவால் யாருடைய பெயரோ எழுதி அடித்திருந்தது. நேற்று வந்தவருக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவ்வளவுதான். அதைப் பார்க்க அரை நொடிகூட ஆவதில்லை. இத்தனை வருடம் அதற்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது என் வீட்டில். பத்மா வருகிறாள். டேவிட் தன் மனைவி எஸ்தரையும் அழைத்து வருகிறான். நம் எல்லோரையும்விட மோசமாகத் திட்டுகிறவள் அவள்தான். புவனாவும் சேர்ந்துவிட்டாள். அவள் உன்னைப்போல இல்லை, டைஸ் போடுவதற்கு முன்னாலேயே அடித்துவிட்டேன் என்பாள். நான்தான் நடத்துகிறேன். இந்த வாரத்துக்கு ஓர் உப்புக் கிடங்குச் சண்டையை எழுதி வைத்திருக்கிறேன். இருட்டு, ஒரே கதவு, மூட்டைகளுக்குப் பின்னால் பதினான்கு பேர். நம் பக்கம் நான்கு பேர். விதிகள் நாம் சாப்பாட்டு நேரத்தில் எழுதியவைதான், ஒன்றையும் மாற்றவில்லை.

மூன்று மணிக்கு ஆரம்பிக்கிறோம். யாரும் விழாமல் இருந்தால் நான்கு மணிக்கு முடிந்துவிடும்.